ஆடி மாதத்து முன்பணம்

எங்கள் ஊரில் முதலாளி என்று கைநீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிக்குத் தெற்கே, இரவில் மட்டும் கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஊர். ஆலை கிடையாது. சங்கு ஊதி ஆள் கூப்பிடும் கம்பெனி கிடையாது. நூறு ஏக்கர் பண்ணையாரும் கிடையாது. ஆளுக்கு இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி, வரப்பில் பனை, ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் திருப்பூர், சென்னை என்று பஸ் ஏற வேண்டியதுதான்.

போன பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். மதுரையில் படிக்கிறான். சாயங்காலம் களத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "மாமா, விவசாயிங்க எல்லாம் கூட்டுறவாச் சேந்துட்டா அது முதலாளித்துவத்துக்கு மாத்தா இருக்குமா? இல்ல, அதுவும் அதுக்குள்ளயே ஒரு பகுதிதானா?"

நான் மூன்று ஆண்டுகள் எங்கள் பகுதி மிளகாய் விவசாயிகள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதியவன். அந்தக் குழு உடைந்தபோது கூடவே இருந்தவன். ஆனாலும் அவன் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தில் பணம் எப்படி நடமாடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது புரியாமல் கூட்டுறவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எங்கள் மிளகாய் முண்டு மிளகாய். உருண்டையாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாக இருக்கும். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. புரட்டாசியில் விதைப்போம். தை கடைசியில் முதல் பழம் எடுத்தால் சித்திரை வரைக்கும் பறிப்பு ஓடும். பறித்ததைக் களத்தில் காயப்போட்டு, வெளுத்ததைப் பொறுக்கித் தள்ளி, சாக்கில் அடைத்து மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் மூட்டை மண்டிக்குப் போவது சித்திரையில் என்றாலும், அந்த வத்தல் விற்றுப்போவது அதற்கு ஒன்பது மாதம் முன்னால், ஆடியில். செடி முளைப்பதற்கு முன்பே.

சின்ன வயதில் அப்பாவோடு மண்டிக்குப் போயிருக்கிறேன். ஆடி மாதம் போனால் மூட்டை இருக்காது, வெறும் கைதான். அப்பா திண்ணையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். மண்டிக்காரரே ஆரம்பிப்பார்.

"என்ன தம்பி, உழவுக்கா?"

"ஆமா அண்ணாச்சி. பிள்ளைக்கு ஸ்கூலு வேற தொறந்திருச்சு."

அவ்வளவுதான் பேச்சு. பணத்தை எண்ணிக் கொடுப்பார். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வட்டியும் கிடையாது. அம்மாவை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒரு நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் பணம் வாங்கி வந்தோம். அதை நான் மறக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் சித்திரையில் மூட்டை அவர் மண்டிக்குத்தான் போக வேண்டும். விலை அவர் சொல்வது. பக்கத்து மண்டியில் என்ன விலை என்று விசாரிப்பதே துரோகம் மாதிரி. சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, மாதிரி பார்க்க என்று கைநிறைய அள்ளிப் போட்டுக்கொள்வது, கமிஷன், இறக்குக் கூலி, எல்லாம் போக முன்பணத்தையும் கழித்துக்கொண்டு மீதி. ஊரில் எல்லோர் களத்திலும் ஒரே நேரத்தில் வத்தல் காய்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள், விலை சரியாக அந்த நேரத்தில்தான் விழுந்து கிடக்கிறது. வட்டி இல்லாத கடன் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வட்டி விலைக்குள் இருந்தது என்பது எனக்கே கணக்குப் படித்த பிறகுதான் விளங்கியது.

மிளகாய்க்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பனையேறும் குடும்பங்கள் பருவம் தொடங்கும் முன்பே கருப்பட்டி வியாபாரியிடம் பணம் வாங்கியிருக்கும். விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் புகையில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் பதனீர் காய்ச்சுவது ஏற்கனவே வாங்கிய பணத்தைத் தீர்க்க. கடலோரத்தில் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவருக்கே மீன். கரையில் அவர் சொன்னதே விலை. மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்ப்பு வந்த கதையும் ஏறக்குறைய இதேதான். அங்கே இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தார் கப்பாபைகஸ் என்ற பாசியைப் பழக்கினார்கள். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் மகளிர் குழுக்களை வைத்து ஒப்பந்த முறையில் வளர்க்க ஆரம்பித்தது. 2008-ல் அது அக்வாஅக்ரி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. மூங்கில் மிதவையில் கட்டி விட்டால் 45 நாளில் அறுக்கலாம், கையில் காசு வரும், அது உண்மை. ஆனால் வாங்க ஓரிரு ஆட்கள்தான். 2013 வாக்கில் கடல் சூடாகிப் பாசி மொத்தமாக அழிந்தபோது, அழிந்தது மிதவை கட்டியவர்களின் உழைப்பு.

ஆக, எங்கள் கரையில் முதலாளித்துவம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் முன்பணத்தைத்தான் காட்டுவேன். நிலம் நம்முடையது, மரம் நம்முடையது, படகு நம்முடையது. விளைந்தது மட்டும் நம்முடையது கிடையாது. நமக்குக் காத்திருக்க முடியாது, பணம் கொடுத்தவரால் காத்திருக்க முடியும். அவ்வளவுதான் வித்தியாசம். சித்திரையில் விற்ற அதே வத்தலை ஆவணியில் விற்கும் ஆளுக்குக் கிடைப்பதும் நமக்குக் கிடைப்பதும் வேறு வேறு.

இதைச் சரிசெய்யத்தான் இந்த நாட்டில் கூட்டுறவே தொடங்கியது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கே நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி, சென்னை மாகாண விவசாயிகளின் கடன் நிலையை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பகுதியாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை அவர் பார்த்திருந்தார். ஒருவரையொருவர் தெரிந்த ஊருக்குள், ஒருவர் நாணயத்துக்கு மற்றவர் பொறுப்பேற்று, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வது. இங்கே எங்களுக்கு வேண்டியது ஒரு ரைஃபைசன்தான் என்பதுதான் அறிக்கையின் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் வேளாண் கடன் சங்கம் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையைத் தொடங்கி வைத்தவரும் இதே நிக்கல்சன்தான். வயலின் கடனையும் கடலின் கடனையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கும்.

சரி, நூற்றிருபது ஆண்டு ஆன பிறகு எங்கள் ஊர் சொசைட்டி என்ன செய்கிறது? நிறையவே செய்கிறது. பயிர்க்கடன் கொடுக்கிறது, தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. நகைக்கடன், உரம், ரேஷன் கடை எல்லாம் அதில்தான். 2006, 2016, 2021 என்று மூன்று தடவை கடன் தள்ளுபடி ஆனது. 2021-ல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். எங்கள் வீட்டுக் கடனும் அதில் போனது. அந்த வருஷம் அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் என் தம்பி நிலத்தை விற்றிருப்பான். அதனால் சொசைட்டியைப் பற்றி லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனாலும் எங்கள் ஊரில் யாரும் அதை "நம்ம சங்கம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "சொசைட்டியில குடுக்குறாங்க" என்பார்கள். கொடுப்பது யாரோ. 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர்தான் நிர்வாகம். பங்குத்தொகை கட்டிய உறுப்பினர் தன் சங்கத்தின் கணக்கை வாசித்துக் கேட்டதே கிடையாது. அப்புறம், கடனுக்குச் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் வேண்டும். குத்தகைக்கு உழுபவரிடம் சிட்டா எங்கே இருக்கும்? வெயிலில் நின்று வேலை செய்வது மனைவி, பட்டா புருஷன் பேரில், அவர் துபாயில். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. அதைவிட முக்கியம், சொசைட்டி விதைக்கப் பணம் கொடுக்கும்; விளைந்ததை விற்றுக் கொடுக்காது. கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்காது. அந்த இடங்களில் எல்லாம் மண்டிக்காரர் நிற்கிறார். ஆகவே ஒரே ஆள் சொசைட்டியிலும் கடன் வாங்குவார், மண்டியிலும் வாங்குவார், வத்தல் மண்டிக்குப் போகும்.

இது தெரிந்துதான் நாங்கள் குழு ஆரம்பித்தோம். 2002-ல் நிறுவனச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒரு வகையைக் கொண்டு வந்திருந்தார்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, விவசாயி மட்டுமே உறுப்பினர், அரசாங்க அலுவலர் வந்து உட்கார முடியாது. அந்த வழியில் போகலாம் என்று ஆசை. பதிவு செய்யும் அளவுக்கு வளரும்வரை சும்மா குழுவாக இருப்போம் என்று முடிவெடுத்தோம்.

முதல் வருஷம் 19 பேர். ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, தரையில் பலகை போட்டு, வத்தல் மூட்டையை அடுக்கினோம். சித்திரையில் யாரும் விற்கவில்லை. அந்த நான்கு மாதம் எனக்கு வாழ்க்கையில் மறக்க முடியாத காலம். தினமும் ராத்திரி யாராவது ஒருவர் வந்து, "விலை என்னப்பா?" என்று கேட்பார். நான் விருதுநகர் மொத்தச் சந்தை விலையைச் சொல்வேன். அதுவரை எங்கள் ஊரில் விலை என்றால் மண்டிக்காரர் வாயிலிருந்து வருவது. அதை நாங்களே போனில் கேட்டு, சிலேட்டில் எழுதி மாட்டினோம். ஆவணியில் ஒரு மசாலா கம்பெனிக்காரர் லாரி அனுப்பினார். எடை எங்கள் தராசில். கழிவு கிடையாது, மாதிரி கிடையாது. லாரி கிளம்பியபோது என் பெரியப்பா முறையுள்ள ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்று சொன்னார்.

இரண்டாம் வருஷம் 42 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு. எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் சித்திரையில் கிட்டங்கியில் வந்து சேர்ந்த மூட்டை முதல் வருஷத்தைவிடக் குறைவு. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சித்தப்பா ஒருவர், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வந்தார்.

"கோவிச்சுக்காதப்பா. ஆடியில வாங்கிட்டேன். எப்படி இங்க கொண்டாந்து போட முடியும்?"

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கியிருந்தது. முதல் வருஷம் சேர்ந்த 19 பேரும் கொஞ்சம் வசதியுள்ளவர்கள், வீட்டில் ஒருவராவது வெளிநாட்டிலோ அரசு வேலையிலோ இருந்தார்கள், முன்பணம் வாங்காதவர்கள். இரண்டாம் வருஷம் சேர்ந்தவர்களுக்குத்தான் குழு உண்மையிலேயே தேவை. அவர்கள் கையில்தான் குழுவுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். 42 பேர் பங்கு சேர்த்து 42,000 ரூபாய். உழவு, விதை, களையெடுப்பு, பிள்ளைகள் படிப்பு, அரிசி, இதற்கெல்லாம் ஆடி முதல் மார்கழி வரை ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 20,000 வேண்டும். எங்கள் மொத்த மூலதனம் இரண்டு குடும்பத்தை மண்டியிலிருந்து மீட்கும். மீதி நாற்பது?

மூன்றாம் வருஷம் சித்திரையில் பருவம் தப்பிய மழை. கிட்டங்கி ஒழுகி, பாதி மூட்டையில் பூசணம். நஷ்டத்தை யார் தாங்குவது என்று பேச்சு வந்தபோது, பொறுப்பில் இருந்த இருவர் தங்கள் மூட்டைகளை ஒரு வாரம் முன்பே எடுத்து விற்றிருந்தது தெரிந்தது. கடன் கேட்டுப் போன இடத்தில் மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை கேட்டார்கள். எட்டிவயலில் அரசு கட்டிய மிளகாய் வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அதையெல்லாம் பயன்படுத்தலாம் என்று நான் சொன்னேன். ஆனால் அதற்குள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்காத நிலை வந்துவிட்டது. பங்குத்தொகையைத் திருப்பிக் கொடுத்துக் குழுவைக் கலைத்தோம். ஆளுக்கு 610 ரூபாய் கிடைத்தது.

இது எங்கள் கதை. எல்லா இடத்திலும் இப்படித்தான் முடிகிறது என்று நான் சொல்லவில்லை. குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் இதே மாதிரியான பிடியில்தான் இருந்தார்கள். பாலை ஒரே கம்பெனிக்கு, இடைத்தரகர் சொன்ன விலைக்குத்தான் ஊற்ற வேண்டும். 15 நாள் பால் ஊற்றாமல் நிறுத்தினார்கள். 1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஒன்றியத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் பிற்பாடு அமுல். ஏன் அது நின்றது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பால் தினமும் இரண்டு வேளை வரும், தினமும் காசு. கொழுப்பை இயந்திரம் அளக்கும், தரத்தில் சண்டை இல்லை. மாடு வைத்திருந்தால் போதும், நிலம் வேண்டாம். முக்கியமாக, பால் பண்ணையையே அவர்கள் சொந்தமாக்கினார்கள். வத்தல் வருஷத்துக்கு ஒரு பருவம்தான் வருகிறது. நடுவில் இருக்கும் மாதங்களை யார் தாங்குவார்கள் என்ற கேள்விக்கு அமுலில் பதில் கிடையாது, ஏனென்றால் பாலுக்கு அந்தக் கேள்வியே இல்லை.

எனக்கு அதைவிடப் பாடமாக இருப்பது குமரி, திருவனந்தபுரம் கடற்கரை மீனவர் சங்கங்கள். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று சேர்ந்து நிற்பவர்கள். அங்கே விதி எளிமையானது. கடலுக்குப் போகிறவர்தான் உறுப்பினர். வியாபாரி உறுப்பினராக முடியாது. மீனைக் கரையில் சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும், ஒரு பங்கு சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படும். மீன் அதிகம் பட்டால் அதிகம் அடையும், படாத நாளில் தவணை இல்லை. கடன், விற்பனை, சேமிப்பு மூன்றும் ஒரே முடிச்சு. மண்டிக்காரரும் அந்த மூன்றையும் ஒரே முடிச்சாகத்தான் வைத்திருக்கிறார்! நாங்கள் விற்பனையை மட்டும் அவிழ்க்கப் பார்த்தோம். சொசைட்டி கடனை மட்டும் அவிழ்க்கப் பார்க்கிறது. இரண்டும் பாதியில் நிற்கின்றன.

இதை எழுதிக்கொண்டே வரும்போது, கூட்டுறவு சரியாக நடந்தால் மாற்றுதான் என்று முடிவு கட்டத் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தூக்கம் கெடுக்கும் ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

எங்கள் ஊரில் மிளகாய் பறிப்பது பெரும்பாலும் நிலம் இல்லாத பெண்கள். காலை வெயில் ஏறும் முன் வந்து, குனிந்தபடியே மதியம் வரை. விரலெல்லாம் எரியும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக்கூடக் கை பயப்படும். அதில் ஒரு அக்கா, எங்கள் காட்டில் பதினைந்து வருஷமாகப் பறிப்பவர், குழு ஆரம்பித்த வருஷம் என்னிடம் கேட்டார்.

"வத்தலுக்கு விலை கூடுச்சுன்னா எங்களுக்குக் கூலி கூடுமா தம்பி?"

"கூடாம எப்படிக்கா?" என்றேன்.

ஆவணியில் லாரி வந்து நல்ல விலைக்கு விற்ற அந்த வருஷம், கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. யாரும் மறுத்துப் பேசி ஏறாமல் போகவில்லை. கூட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. எழுப்பியிருக்க வேண்டிய ஆள் நான். கணக்கு நோட்டில் பறிப்புக் கூலியை வாடகை, சாக்கு, சணல் இவற்றோடு சேர்த்துச் "செலவு" என்ற தலைப்பில் என் கையால்தான் எழுதினேன். அவர்களைப் பொறுத்தவரை எங்கள் குழுவும் இன்னொரு முதலாளி. சின்ன முதலாளிகள் பத்தொன்பது பேர் சேர்ந்து பெரிய வியாபாரியோடு பேரம் பேசியதுதான் நடந்தது. பேரம் நியாயமானதுதான். மாற்று என்று அதைச் சொல்ல முடியுமா?

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ரோசா லக்சம்பர்க் என்ற சோசலிசச் சிந்தனையாளர் இதைச் சொல்லியிருக்கிறார். போட்டி நிறைந்த சந்தையில் நிற்கும் உற்பத்திக் கூட்டுறவு, தன் உறுப்பினர்களையே கசக்கிப் பிழிய வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கலைந்துபோகும் என்பது அவர் வாதம். ஸ்பெயினில் பாஸ்க் பகுதியில் 1956-ல் தொடங்கிய மோன்ட்ராகன் கூட்டுறவுகள் இதற்கு நல்ல பதில் என்று பலரும் சொல்வார்கள். தொழிலாளிகளே உரிமையாளர்கள், மேலே இருப்பவர் சம்பளம் கீழே இருப்பவர் சம்பளத்தைப் போல் சில மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. நான் உண்மையிலேயே மதிக்கும் முயற்சி அது. ஆனால் அங்கேயும் வெளிநாட்டுக் கிளை ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் கிடையாது, கூலிக்காரர்கள். 2013-ல் அவர்களுடைய ஃபாகோர் என்ற வீட்டுச் சாதன நிறுவனம் திவாலானபோது, உறுப்பினர்கள் பலருக்கு மற்ற கூட்டுறவுகளில் இடம் கிடைத்தது. கூலிக்கு இருந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. உலகத்துக்கே எடுத்துக்காட்டான இடத்திலும் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது: யார் உறுப்பினர்?

எங்கள் பழைய ஊர் ஒற்றுமையைப் பற்றியும் இதே கேள்விதான் எனக்கு. குடிமராமத்து என்றாலே கண்ணில் நீர் தளும்பப் பேசுகிறார்கள். கண்மாய்க் கரையை ஊரே சேர்ந்து வெட்டியது உண்மை. ஆனால் ராத்திரி பகல் பாராமல் மடையைத் திறந்து அடைத்த நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் கிடைத்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவதுதான் மாற்று என்றால் எனக்கு அது வேண்டாம்.

என் நெஞ்சுக்கு நெருக்கமாக இருப்பது வேறொன்று. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கடலிலே தாமாக விளையும் பாசியை எடுப்பவர்கள், தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது, இனப்பெருக்கக் காலத்தில் போவதில்லை, பவளப்பாறையைப் பெயர்க்கும் இரும்புக் கருவி எடுப்பதில்லை, கையால் மட்டுமே பறிப்பது. அவர்களுக்கும் ஏஜெண்டு உண்டு, விலை அவர் கையில்தான். வனத்துறையோடும் தகராறு. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிடுங்கும் கைகள் அவை. ஒரு நாள் கூடப் போனால் அரிசி வாங்கலாம் என்ற நிலையில் இருப்பவர்கள், போக மாட்டோம் என்று சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். கூட்டுறவு என்றால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெண்கள்தான். கூடி லாபம் பார்ப்பதை விட, எவ்வளவு எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று கூடித் தீர்மானிப்பதில்தான் வேறு ஒரு உலகத்தின் சாயல் இருக்கிறது. வத்தல் விலை அதிகம் கிடைத்த வருஷத்தில் நாங்கள் தீர்மானிக்க மறந்தது அதைத்தான்.

ஆக, மருமகனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். விருதுநகர் விலையை எங்கள் சங்கம் நிர்ணயிக்கப் போவதில்லை. மழையையும் ஏற்றுமதியையும் நாங்கள் கட்டுப்படுத்த முடியாது. அந்த அளவில் கூட்டுறவு முதலாளித்துவத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் ஆடி மாதத்தில் ஒருவர் யாரிடம் போய் நிற்கிறார் என்பதை மாற்ற முடியும். பறிப்பவர் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறார் என்பதை மாற்ற முடியும். இந்த இரண்டும் மாறினால் அது சின்ன விஷயமே கிடையாது. இரண்டும் மாறாவிட்டால், எத்தனை ஆயிரம் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பதிவானாலும் பலகை மட்டும்தான் புதுசு. 2020-ல் பத்தாயிரம் நிறுவனங்கள் உருவாக்கப் போவதாக மத்திய அரசு திட்டம் அறிவித்தது. அதில் எத்தனைக்கு ஆடி மாதத்தைத் தாங்கும் பணம் இருக்கிறது என்றுதான் நான் கேட்பேன்.

போன வருஷம் மாசியில் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை கிட்டங்கி இல்லை, லாரி இல்லை, பேர்கூட வைக்கவில்லை. நிலம் உள்ளவர்கள் 18 பேர் மாதம் 500 ரூபாய். பறிப்புக்கு வரும் பெண்கள் 8 பேர் மாதம் 100 ரூபாய். ஓட்டு ஆளுக்கு ஒன்று. 500 கட்டுகிறவனுக்கும் 100 கட்டுகிறவளுக்கும் ஒரே ஓட்டா என்று இரண்டு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது. மூன்று பேர் விலகிப் போனார்கள், வேறு மூன்று பேர் வந்தார்கள். இந்த ஆடிவரை 18 மாதத்தில் 1,76,400 ரூபாய் சேர்ந்தது. எட்டுக் குடும்பத்துக்குத் தலா 20,000 முன்பணம். வத்தல் விற்கும்போது விற்ற பணத்தில் ஒரு பங்காகத் திரும்பி வர வேண்டும், விளையாவிட்டால் அடுத்த வருஷம்.

யாருக்கு முதலில் என்று சீட்டுக் குலுக்காமல் பேசியே முடிவு செய்தோம். ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. எட்டில் ஒருவர் அந்த அக்கா. இந்த வருஷம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். சிட்டா அவர் பேரில் இல்லாததால் சொசைட்டிக்குப் போக முடியவில்லை. பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "சித்திரையிலதான் திருப்பிக் குடுக்க முடியும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். பறிப்புக் கூலியை விற்பனை விலையோடு இணைப்பது பற்றியும் அவரே பேச்செடுத்தார். நிலம் உள்ளவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. மாசி மாதக் கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். உழவு முடிந்துவிட்டது. இனி மழைக்குக் காத்திருக்கிறோம்.